கைராசிக்கு ஆதாரம்

என்ன தங்கச்சி, கையையே பாக்கிய? பிளாஸ்திரியா? வலது கையில இருக்கது நேத்து எனக்கு டிரிப்ஸ் ஏத்துன இடம். இடது கையில இருக்கது கொசு கடிச்சது. கொசுக்கடிக்கு யாராவது பிளாஸ்திரி ஒட்டுவாவளான்னு கேக்காதிய, நான் ஒட்டுவேன். சவத்த விடுங்க. நீங்க எதுவரைக்கும்? மாட்டுத்தாவணியா? நானும் அங்கதான். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்குப் பேசிக்கிட்டே வந்தாத்தான் பஸ்ஸு ஓடும்.

இந்தச் சார்ட்டு உங்க மேல இடிக்குதா? செத்த பொறுங்க, இப்படிச் சாய்ச்சு வச்சுக்கிடுதேன். கசங்கக்கூடாது பாத்துக்கிடுங்க. நாளைக்கு மதுரையில நர்சிங் டீச்சர்மாரு கூட்டம். அதுல நான் மேடையேறிப் பேசப்போறேன். பத்து நிமிசம். கைராசிக்கு ஆதாரம் உண்டா இல்லியான்னு. சிரிக்கியளா? சிரிங்க, எனக்கே காலைலருந்து சிரிப்பாணியா வருது. பல் தேய்க்கும்போதுகூட சிரிச்சுக்கிட்டேதான் தேய்ச்சேன்.

எம்பேரு உலகம்மா. திருநெல்வேலிக்குப் பக்கத்துல ஒரு நர்சிங் காலேஜ்ல டீச்சரா இருக்கேன். காலேஜோட ஒட்டுனாப்ல ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரில பிள்ளைங்க வார்டுல இருபத்திரெண்டு வருசம் நர்ஸா இருந்துட்டு, பொறவு மேல படிச்சு டீச்சர் ஆனவ நான். ஆனா என்னைய யாரும் டீச்சர்னு சொல்லமாட்டாவ. கைராசிக்காரம்மான்னுதான் சொல்லுவாவ. எதுக்குன்னா, கைக்குழந்தைக்கு டிரிப்ஸ் ஊசி போடணும்னா லேசுப்பட்ட சோலி இல்ல. அத லைன் போடுததுன்னு சொல்லுவோம் நாங்க. நரம்பு நூலு மாதிரி இருக்கும், பிள்ளை கால உதைக்கும், பெத்தவ ஒருபக்கம் அழுவா. நான் போயி, முருகான்னு சொல்லிக் கையப் பிடிச்சேன்னா ஒரே குத்து. உள்ள போயிரும். டீச்சர் ஆன பொறவும் வார்டுலருந்து என்னையத்தான் கூப்பிடுவாவ. பாதி வகுப்புல சாக்பீஸைக் கீழ வச்சுட்டு ஓடுவேன்.

நான் பெருமைக்குச் சொல்லல. சும்மா ஒரு தகவலுக்குச் சொல்லுதேன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி என்னைய மெட்ராஸுக்கு அஞ்சு நாள் பயிற்சிக்கு அனுப்புனாவ. ஆதாரம் சார்ந்த செவிலியப் பணின்னு ஒரு பாடம். மூத்தவங்க செஞ்சாங்க, நானும் செய்தேன்னு இருக்கக்கூடாது. இது நெசமாவே நோயாளிக்கு நல்லது செய்யுதான்னு கேளு, யாராவது சோதிச்சுப் பாத்திருக்காவளான்னு தேடு, அந்தச் சோதனை யோக்கியமானதான்னு பாரு, பொறவு செய்யி, செஞ்சத திரும்பிப் பாரு. அம்புட்டுதான் பாடம். அட, எனக்கு அப்படியே பிடிச்சுப்போச்சு தங்கச்சி. திரும்பி வந்து மூணாவது வருசப் பிள்ளைங்களுக்கு அதச் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சேன். ஆதாரம் என்ன, ஆதாரம் என்னன்னு கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளைங்க கண்ணுல விரலவிட்டு ஆட்டிட்டேன்.

வீட்டுலயும் விடல. எங்க வீட்டுக்காரரு சாம்பார்ல உப்பு கம்மின்னாரு. நீங்க ஒருத்தர் சொன்னா அது ஆதாரம் ஆயிருமா, நாப்பது பேரு சாப்பிட்டுச் சொல்லட்டும்னேன். மனுசன் அன்னைலருந்து ஊறுகாயத் தொட்டுக்கிட்டு பேசாம சாப்பிடுதாரு.

இப்படி நல்லாப் போயிட்டு இருக்கும்போதுதான் ஜெபக்கனி வந்தா. உடன்குடிப் பிள்ளை. நர்சிங் முடிச்சுட்டு பிள்ளைங்க வார்டுல புதுசா வேலைக்குச் சேந்தவ. நெட்டையா, ஒல்லியா, வாயே திறக்கமாட்டா. சேந்த மூணாம் நாளு ஒரு கைக்குழந்தைக்கு லைன் போடப்போயி மூணு குத்து குத்திட்டா, ஒண்ணும் உள்ள போகல. என்னைய வந்து கூட்டிட்டுப் போனாவ. நான் போனேன், ஒரே குத்து. அந்தத் தாய்க்காரி என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நான் சும்மா அவளச் சிரிக்கவைக்கணும்னு, அந்தப் பிள்ளைக்கு இன்னும் கையில ராசி சேரலம்மா, சேந்துரும்னு சொல்லிட்டு வந்தேன். விளையாட்டாத்தான்.

அதுக்குப் பொறவு யாரு கிளப்பிவிட்டாவளோ தெரியல பாத்துக்கிடுங்க, ஜெபக்கனிக்கு ராசியில்லாத கைன்னு ஒரு பேச்சு வார்டு பூரா பரவிட்டு. இந்த ஊர்வாய் இருக்கே. அவ டிரேயத் தூக்கிட்டு வந்தாலே பெத்தவங்க பிள்ளையத் தூக்கிட்டு நகந்துருவாவ. நீ வேண்டாம்மா, கைராசிக்காரம்மாவ வரச்சொல்லுன்னுருவாவ. அந்தப் பிள்ளை ஊசியக் கையில எடுத்தா சுத்தி நிக்க நாலு பேரும் அவ கையவே முறைச்சுப் பாப்பாவ. கை நடுங்காம என்ன செய்யும்? மறுபடியும் தப்பும். தப்பத் தப்ப பேச்சு வளரும்.

கடைசில எங்க நர்சிங் சூப்பிரண்டம்மா அவளக் கூப்பிட்டுச் சொல்லிட்டாவ. ரெண்டு மாசம் பாக்கேன், இல்லேன்னா கருவியெல்லாம் அவிச்சு எடுக்க ரூமுக்கு மாத்திருவேன்னு. அந்த ரூம்ல பிள்ளை முகமே கண்ணுல படாது தங்கச்சி. கத்தரியும் கிண்ணமுந்தான். பிள்ளைங்களப் பாக்கணும்னே நர்ஸாப் படிச்சவ அவ. மத்தியானம் என் ரூமுக்கு வந்து சோத்து டப்பாவத் திறக்காமயே மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. எனக்கு மனசு கேக்கல. யாருட்டி இப்படிப் பேச்சக் கிளப்புனவன்னு திட்டித் தீத்துட்டேன்.

மறுநாள் வகுப்புல இதச் சொல்லி வருத்தப்பட்டேன். கடைசி பெஞ்சுலருந்து ரஹீமா எந்திரிச்சா. மேலப்பாளையத்துப் பிள்ளை. ஆளு இம்புட்டுத்தான் இருப்பா, கேள்வி மட்டும் பெருசா இருக்கும்.

"மிஸ், ஜெபக்கனியக்காவுக்கு ராசி இல்லேன்னு சொல்லுததுக்கு ஆதாரம் இல்ல, சரி. உங்களுக்கு ராசி இருக்குங்கதுக்கு ஆதாரம் இருக்கா மிஸ்?"

நான் அசரலியே. பையத் திறந்து என் டைரிய எடுத்து மேசையில வச்சேன். இருபத்திரெண்டு வருசமா நான் லைன் போட்ட பிள்ளைங்க கணக்கு பூரா அதுல இருக்கு. ரஹீமா புரட்டிப் புரட்டிப் பாத்தா.

"மிஸ், எல்லாம் உள்ள போனதுதான் இருக்கு. தப்புனது எங்க மிஸ்?"

"தப்புனா அது பிள்ளைக்கு நரம்பு சரியில்லாததுனாலட்டி. அத எதுக்கு என் கணக்குல எழுதணும்?"

எதுக்குச் சிரிச்சாவளோ தெரியல, நாப்பது பிள்ளைங்களும் ஒரே சிரிப்பு. எனக்கு ரோசம் வந்துட்டு. சரிட்டி, சோதிச்சே பாத்துருவோம்னுட்டேன். நானும் ஜெபக்கனியும். ஆளுக்கு இருவது பிள்ளை. யாருக்கு முதல் குத்துல போகுதுன்னு பாப்போம். பாடத்துல படிச்சத வார்டுல செஞ்சு காட்டுதேன்னேன்.

முறையாத்தான் செஞ்சோம். டாக்டர்மாரு குழுகிட்ட அனுமதி வாங்குனோம். ரெண்டு குத்துக்கு மேல யாரும் குத்தக்கூடாது, தப்புனா டாக்டர் வந்துரணும்னு விதி. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுல நாப்பது சீட்டு, இருவதுல என் பேரு, இருவதுல அவ பேரு, மடிச்சுக் குலுக்கிப் போட்டாச்சு. பிள்ளை வந்ததும் ஒரு சீட்ட எடுக்கணும், யாரு பேரு வருதோ அவ போடணும். தொடங்கதுக்கு நான் நல்ல நேரம் குறிச்சுக் குடுத்தேன். வளர்பிறை புதன்கிழமை, ஒம்பதே கால். ரஹீமா என்னைய ஒரு பார்வை பாத்தா. ரெண்டு பேருக்கும் ஒரே நல்ல நேரந்தானட்டி, அப்ப இது யோக்கியமான சோதனைதானன்னேன்.

பெத்தவங்ககிட்டக் கையெழுத்து வாங்கணும்லா. ரெண்டு நர்ஸுல ஒருத்தர் போடுவாங்க, யாருன்னு சொல்லமாட்டோம், சம்மதமான்னு கேட்டோம். எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, அதுல கைராசிக்காரம்மா உண்டான்னுதான். உண்டுன்னோம். அப்ப சரின்னு கையெழுத்துப் போட்டாவ. தன் பிள்ளைக்கு நான்தான் வருவேன்னு நாப்பது பேரும் நெனச்சுக்கிட்டாவ பாருங்க, அதுதான் வேடிக்கை.

ஆளு தெரியக்கூடாதுன்னு தொப்பி, மாஸ்க்கு, கால் வரைக்கும் கவுனு. அப்பவும் ஒரு சிக்கல். நான் குட்டை, கொஞ்சம் பூசுன உடம்பு, அவ நெட்டை, ஒல்லி. ரஹீமா என்ன செஞ்சா தெரியுமா? ஜெபக்கனி இடுப்புல ரெண்டு பெரிய துண்டச் சுத்திக் கட்டி, அதுக்கு மேல கவுன மாட்டிவிட்டா. என் செருப்புக்கு அடியில அட்டை வச்சு உசத்துனா. கண்ணாடில பாத்தா எனக்கே ரெண்டு உலகம்மா நிக்க மாதிரி இருந்துச்சு. ஜெபக்கனி வந்த நாள்லருந்து முதமுத அன்னைக்குத்தான் வாய்விட்டுச் சிரிச்சா. துண்டு அவுந்து காலுல விழுகுத அளவுக்குச் சிரிச்சா.

இன்னொரு விதி, ரெண்டு பேரும் பேசக்கூடாது. குரல் தெரிஞ்சுரும்லா. முருகான்னும் சொல்லக்கூடாது. நான் எப்பேர்ப்பட்டவ, வாய மூடிக்கிட்டு நிக்கேன். முதல் பிள்ளை தப்பிட்டு. ரெண்டாவது பிள்ளையும் தப்பிட்டு. ஏட்டி ரஹீமா, வாயடைச்சா கையும் அடைக்குது, ஒரே ஒரு முருகா சொல்லிக்கிடுதேன்னு கெஞ்சுனேன். நடுவுல விதிய மாத்துனா சோதனை கெட்டுரும்னு நீங்கதான மிஸ் சொல்லிக்குடுத்தீங்கன்னுட்டா. கொழுப்பப் பாத்தியளா. பொறவு மனசுக்குள்ளயே சொல்லப் பழகிக்கிட்டேன். கூடவே செவ்வாக்கிழமைக்குச் செவ்வாக்கிழமை விரதமும் பிடிச்சேன், சோதனை நல்லபடியா முடியணும்னு. அத ரஹீமாகிட்டச் சொல்லல.

அஞ்சு வாரம் ஆச்சு நாப்பது பிள்ளை சேர. நாப்பதாவது பிள்ளைக்குச் சீட்டுல ஜெபக்கனி பேரு. தாய்க்காரி பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு, நம்ம கைராசிக்காரம்மா வந்துட்டாவடா, அழக்கூடாதுன்னு கொஞ்சிக்கிட்டே இருந்தா. பிள்ளையும் அவ முகத்தப் பாத்துக்கிட்டு சும்மா கிடந்துச்சு. ஒரே குத்து, உள்ள போயிட்டு. அந்தத் தாய்க்காரி எந்திரிச்சு ஜெபக்கனி கை ரெண்டையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. மாஸ்க்கக் கழட்டுங்கம்மா, உங்க முகத்த ஒருதடவ பாத்துக்கிடுதேன்னா. கடைசிப் பிள்ளையும் முடிஞ்சுட்டுல்லான்னு ஜெபக்கனியும் கழட்டிட்டா.

அந்தத் தாய்க்காரி யாரு தெரியுமா? மூணு குத்து வாங்குச்சே ஒரு பிள்ளை, அதே பிள்ளையோட அம்மா. ரெண்டாந்தடவ காய்ச்சல்னு வந்திருக்கா. ஜெபக்கனி முகத்தப் பாத்துட்டு அப்படியே நிக்கா. "நீயாம்மா?" அப்படின்னா. அவ்வளவுதான் சொன்னா. கைய மட்டும் விடல.

நான் கதவுப் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நெசத்தச் சொல்லுதேன் தங்கச்சி, முதல்ல எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. இருபத்திரெண்டு வருசமா எனக்கு வந்துக்கிட்டு இருந்த கும்பிடு அது. பொறவு பாத்தா என் மாஸ்க்கு நனைஞ்சு கிடக்கு. எதுக்கு அழுதேன்னு இன்னும் எனக்குத் தெரியல, ஆனா சந்தோசமாத்தான் இருந்துச்சு.

முடிவ வகுப்புல ரஹீமாதான் வாசிச்சா. முதல் குத்துல போனது எனக்கு இருவதுல பதினாலு, ஜெபக்கனிக்கு இருவதுல பதினாறு. இந்த ரெண்டு வித்தியாசத்துக்கு அர்த்தம் கிடையாது, ரெண்டு பேரும் சமம்னுதான் எடுத்துக்கிடணும்னு நானே பாடம் எடுத்திருக்கேன், அதனால அந்த ரெண்ட விடுங்க. ஆனா மாஸ்க்கு இல்லாம ஜெபக்கனி முந்திப் போட்டதயும் வார்டு நோட்டுலருந்து எடுத்து வச்சிருந்தா ரஹீமா. அப்ப இருவதுல அஞ்சு. இப்ப பதினாறு.

"மிஸ், கைராசிக்காரம்மா வந்துட்டாங்கன்னு அம்மா தைரியமா இருந்தா பிள்ளை துள்ளாது. யாரும் முறைச்சுப் பாக்கலேன்னா அக்கா கையும் நடுங்காது. அதான் மிஸ் நடந்திருக்கு. அத உறுதியாச் சொல்லணும்னா இன்னொரு சோதனை பண்ணணும்" அப்படின்னா.

அது அவ கருத்து. நல்ல பிள்ளை, இன்னும் அனுபவம் பத்தாது. நான் சொல்லுதேன், அஞ்சு வாரம் ஒரே ரூம்ல நின்னோம், ஒரே டப்பாவுலருந்து கையுறை எடுத்தோம். என் கைராசி அவளுக்கு ஒட்டிக்கிட்டு. அதுக்கு ஆதாரம் இருக்கா மிஸ்ஸுன்னு கேட்டா. அன்னா நிக்காளே ஜெபக்கனி, பதினாறு போட்டுட்டு, அவதான் ஆதாரம்னேன்.

சூப்பிரண்டம்மாகிட்டச் சார்ட்டக் கொண்டுபோனோம். அவுக கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்துட்டு, ஆராய்ச்சியெல்லாம் நல்லாத்தான் இருக்கு உலகம்மா, முகத்த மூடிக்கிட்டுப் போட்டவ முகத்தோட போட்டுக் காட்டட்டும், அடுத்த லைன் என் கண்ணு முன்னால, முதல் குத்துல போகணும், இல்லேன்னா ஒண்ணாந்தேதி அவிக்க ரூமுதான்னுட்டாவ. நாப்பது பிள்ளைங்க கணக்கு கண்ணு முன்னால கிடக்கு, இந்தம்மா ஒத்தக் குத்தக் கேக்காவ. மூணு நாளு ஆச்சு. நாப்பதாவது பிள்ளையும் வீட்டுக்குப் போயாச்சு. புதுசா வந்த பெத்தவங்க முகத்தோட வந்த ஜெபக்கனிக்குச் சம்மதிக்கவே இல்ல. ஒண்ணாந்தேதிக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு.

நேத்து செவ்வாக்கிழமை. இந்த மதுரைக் கூட்டம் நல்லபடியா நடக்கணும்னு தண்ணிகூடக் குடிக்காம விரதம் இருந்தேன். வெயில்ல காலேஜுக்கும் வார்டுக்கும் நடந்தேன். பதினோரு மணிக்கு வார்டு வாசல்லயே தலை சுத்தி உக்காந்துட்டேன். கட்டில்ல தூக்கிப் போட்டாவ. டாக்டர் வந்து, ஒடம்புல தண்ணியே இல்ல, லைன் போட்டு ஒரு பாட்டில் ஏத்துங்கன்னுட்டுப் போயிட்டாரு. நாலு நர்ஸு டிரேயத் தூக்கிட்டு ஓடி வந்தாவ. சூப்பிரண்டம்மாவும் வந்துட்டாவ. நான் கண்ண முழிச்சுச் சொன்னேன், "ஜெபக்கனியக் கூப்பிடுங்க. மாஸ்க்கு வேண்டாம்."

அவ வந்தா. வெறும் முகத்தோட. சூப்பிரண்டம்மா கட்டில் பக்கத்துல நின்னு அவ கையவே பாக்காவ. நான் சொன்னேன், "நோயாளிக்கு மறைவு குடுக்கணும்னு நீங்கதான எங்களுக்குச் சொல்லிக்குடுத்திய, திரையப் போடுங்க." வேற வழியில்லாம வெளிய போயித் திரைய இழுத்து விட்டாவ.

உள்ள நாங்க ரெண்டு பேருதான். இடது கையப் பிடிச்சா. குத்துனா.

தப்பிட்டு.

தண்ணி இல்லாத ஒடம்பு, நரம்பு அமுங்கிக் கிடக்கு, யாரு குத்துனாலும் தப்பும். நான் முனங்கக்கூட இல்ல. அவ முகம் வெளுத்துப்போச்சு. "மிஸ், எனக்கு ராசி இல்லேல்லா மிஸ்" அப்படின்னு குசுகுசுன்னு சொல்லுதா. எனக்கு வந்துச்சே கோவம். "எவட்டி சொன்னா ஒனக்கு ராசி இல்லேன்னு? சொன்னவ மட்டும் என் கையில கிடைச்சா அவ வாயிலயே நாலு போடுவேன்" அப்படின்னேன். அவ என் முகத்தையே பாத்தா. பொறவு சிரிச்சா பாருங்க, அன்னைக்குத் துண்டு அவுந்து விழுந்தப்ப சிரிச்சாளே, அதே சிரிப்பு. வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. எதுக்குச் சிரிச்சாளோ தெரியல. ஆனா சிரிச்சதுல கை நடுக்கம் நின்னுட்டு. எனக்கு நரம்பு சரியில்லட்டி, ஒம்மேல ஒண்ணுமில்ல, இந்தா வலது கைன்னு நீட்டுனேன். இடது கையில பஞ்ச வச்சு அமுக்கிப் போர்வைக்குள்ள விட்டுக்கிட்டேன். இந்தத் தடவ வெண்ணெயில போக மாதிரிப் போச்சு.

திரையத் திறந்தாவ. பாட்டில்லருந்து சொட்டு சொட்டா இறங்குது. "முதல் குத்தா?" அப்படின்னு கேட்டாவ சூப்பிரண்டம்மா. "முதல் குத்து" அப்படின்னேன். சரி, இந்தப் பிள்ளை இங்கயே இருக்கட்டும்னுட்டு அவுக பாட்டுக்குப் போயிட்டாவ. ஜெபக்கனி சொவத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டா.

அஞ்சு நிமிசம் ஆகல, பிரஷர் பாக்க ரஹீமா வந்தா. டிரிப்ஸ் இல்லாத கையிலதான பட்டையச் சுத்தணும். போர்வைய விலக்குனா. இடது கையில பஞ்சு, அதுல ரத்தம். அந்தப் பிள்ளையப் பத்தித்தான் சொன்னேனே, எதுக்கெடுத்தாலும் ஆதாரம் கேக்குத பிள்ளை. பஞ்சப் பாத்தா. ஜெபக்கனியப் பாத்தா. என்னையப் பாத்தா. பாக்கெட்டுலருந்து ஒரு பிளாஸ்திரிய எடுத்து, உரிச்சு, பதமா ஒட்டுனா.

"கொசு கடிச்சிருக்கு மிஸ்" அப்படின்னா. "நம்ம கணக்கு நாப்பதோட முடிஞ்சுபோச்சு. இது அதுல சேராது."

நாளைக்கு மேடையில அந்த நாப்பதுதான் சொல்லப்போறேன். பதினாலு, பதினாறு, தப்புனது எல்லாம் இந்தச் சார்ட்டுல சுத்தமா இருக்கு, ஒண்ணக்கூட மறைக்கல. ஒத்தக் குத்த வச்சு ஒருத்திய எடை போடுததுக்குப் பேரு ஆதாரம் இல்லேன்னு பாடத்துலயே இருக்கு, நான்தான் நடத்துதேன். என்ன தங்கச்சி, இடது கையவே பாத்துக்கிட்டு இருக்கிய? கொசுதான். எங்க வார்டுல கொசு ஜாஸ்தி.